கிழங்கும் கருவாடும் சந்திக்கும் இடம்

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) அவித்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் அரைத்துச் சேர்த்து மசித்து, சுட்ட சாளைக் கருவாட்டோடு உண்பது தலைமுறைப் பழக்கம். வீட்டில் ஒருவருக்குப் பிரஷர் என்று தெரிந்ததும் கருவாட்டைத் தட்டிலிருந்து விலக்குகிறோம். கிழங்கை அப்படியே விட்டுவிடுகிறோம். உப்பு பிரஷருக்கு, மாவுச்சத்து சுகருக்கு என்று நாம் பங்கிட்டு வைத்திருக்கும் இந்தக் கணக்கு உடலுக்குள் செல்லுபடியாவதில்லை.

கிழங்கின் மாவுச்சத்து குளுக்கோஸாகி இரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகளுக்குள் குளுக்கோஸைச் செலுத்துவதோடு அதன் வேலை முடிவதில்லை. இரத்தக் குழாய்களின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்து குழாய்களை விரியவைக்கிறது. சிறுநீரகத்திலோ, சிறுநீரோடு வெளியேற வேண்டிய சோடியத்தை இரத்தத்துக்கே திருப்பி அனுப்பத் தூண்டுகிறது.

வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரச் சேரத் தசைகள் இன்சுலினுக்கு இணங்க மறுக்கின்றன. கணையம் ஈடுகட்டக் கூடுதலாகச் சுரப்பதால், சர்க்கரை அளவு ஆண்டுக்கணக்கில் இயல்பாகவே தெரியும். ஆனால் தசையைப் போலச் சிறுநீரகம் இன்சுலினை எளிதில் புறக்கணிப்பதில்லை. மிகுந்த இன்சுலின் அங்கே சோடியத்தைப் பிடித்து வைக்க, குழாய்களை விரிக்கும் திறனோ குன்றிப்போக, இதயத்தை வேகப்படுத்திக் குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகளும் முடுக்கிவிடப்பட, இரத்த அழுத்தம் ஏறுகிறது. கருவாட்டின் உப்பை உடலில் தங்கவைப்பதில் கிழங்குக்கும் பங்கு உண்டு என்பதே இதன் பொருள். இன்சுலின் எதிர்ப்பு, உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பின் மாற்றங்கள் ஆகியவை ஒரே கூட்டாக வருவதை அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் 1988-இல் விளக்கினார். பிரஷர் உள்ள எல்லாருக்கும் இந்த எதிர்ப்பு இருப்பதில்லை. எனினும் பலருக்கு இருக்கிறது.

ஆகவே பிரஷர் உள்ளவர்கள், சுகருக்கான அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவாக இருக்கலாம், மறுசோதனையில் உறுதிசெய்வார்கள். 100 முதல் 125 வரை எச்சரிக்கைக் கட்டம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை 6.5 விழுக்காட்டை எட்டினாலும் நீரிழிவாக இருக்கலாம்.

பிரஷர் மாத்திரைகளையும் கவனிக்க வேண்டும். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகள் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடும். பொட்டாசியம் குறைந்தால் இன்சுலின் சுரப்பும் மட்டுப்படும். அட்டெனோலால் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை சர்க்கரையைச் சற்று உயர்த்தலாம். அதைவிட முக்கியமாக, சுகருக்கும் மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் உடல் வியர்த்துக் கொட்டினால் அந்த நேரத்திலேயே சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பெரும் ஆபத்து. மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும்.

கிழங்கை அறவே விலக்கச் சொல்லவில்லை. அளவைப் பாதியாக்கி, கருவாட்டுக்குப் பதில் உப்புக் குறைத்த பச்சை மீன் குழம்பும் ஒரு காய்கறித் தோரனும் சேர்த்துக்கொள்ளலாம். உண்டபின் சிறிது தூரம் நடந்தால், இயங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமல் தானாகவே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். கணையம் அந்த அளவுக்குக் குறைவாகச் சுரந்தால் போதும்.