புராஸ்டேட்டை எடுத்தவருக்கு ‘நான்கு’ கணக்கு இல்லை

பி.எஸ்.ஏ. என்பது, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்; ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கிறோம். அந்த ரிப்போர்ட்டில் “0 முதல் 4 வரை” என்று அச்சாகியிருப்பது, புராஸ்டேட் உடம்பில் இருக்கிறவருக்கான அளவு. புற்றுநோய்க்காகச் சுரப்பியையே எடுத்தவருக்கு அது பொருந்தாது. இதை எத்தனை முறை சொல்வது?

போன வாரம் காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டிய ரிப்போர்ட்டுகளில் 0.3, 0.9, 2.6 என்று வரிசையாக ஏறியிருந்தது. ஒவ்வொன்றிலும் அந்த ‘4’-ஐச் சுற்றி மகன் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். “நாலுக்குள்தானுங்களே இருக்கிறது?” என்று கேட்டார் பெரியவர்.

தென்னையை எல்லாம் வேரோடு தோண்டிவிட்ட தோப்பில் புதிதாகத் தேங்காய் விழுந்து கிடந்தால், எங்கோ ஒரு மரம் நிற்கிறது என்றுதானே பொருள்? சுரப்பியை எடுத்தபின் பி.எஸ்.ஏ. 0.1-க்கும் கீழே போயிருக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை 0.2 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பியதாகவே எடுத்துக்கொள்கிறோம். (கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்குக் கணக்கு வேறு; உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.)

அந்தப் பெரியவருக்கு இடுப்புக்குள் இரண்டு நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்தது. சாதாரண சி.டி. ஸ்கேனில் தெரியாத சிறு முடிச்சுகளைக்கூட புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களைத் தேடிக் காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் பல நேரம் காட்டிவிடும். இப்படி ஓரிரு இடங்களில் மட்டும் நின்றிருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு அந்த முடிச்சுகளை அறுவை சிகிச்சையில் எடுக்கலாம், கதிர்வீச்சும் கொடுக்கலாம். எல்லோருக்கும் ஏற்ற வழியல்ல இது. எடுத்த பிறகும் பலருக்கு பி.எஸ்.ஏ. மறுபடி ஏறுகிறது. நிணநீர் தேங்கலாம், கால் வீங்கலாம். ஆனாலும் ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் சிகிச்சையைச் சில காலம் தள்ளிப்போட முடிந்தால் அது நோயாளிக்குப் பெரிய ஆறுதல். நோய் எலும்பு வரை போனபின் வந்தால் இந்தப் பேச்சுக்கே பெரும்பாலும் இடமிருக்காது.

“கத்தி பட்டால் பரவிவிடும்” என்று கோபியிலும் தாராபுரத்திலும் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

டாக்டர் சொன்ன இடைவெளியில் பி.எஸ்.ஏ. பாருங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். பழைய ரிப்போர்ட் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். ஏறும் வேகத்தை அதில்தான் பார்க்கிறோம். மஞ்சள் அறுவடை, பேத்தி சீர் என்று தேதியைத் தள்ளாதீர்கள். மகன்களே, அப்பாவின் ரிப்போர்ட்டில் நீங்களே வட்டம் போட்டு முடிவு செய்யாமல், அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் அன்றைக்கே காட்டுங்கள்.