குறைபாட்டின் பின்னால் மறையும் நோய்

அறிவுசார் குறைபாடும் மனநோயும் ஒன்றல்ல. முன்னது வளரும் பருவத்தில் தொடங்கி, கற்பதையும் அன்றாடக் காரியங்களைப் பார்த்துக்கொள்வதையும் வாழ்நாள் முழுதும் கடினமாக்குவது; பின்னது யாருக்கும் எந்த வயதிலும் வரக்கூடியது, பெரும்பாலும் சிகிச்சையால் தணியக்கூடியது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிதன்று. கிளாஸ்கோ நகரில் அறிவுசார் குறைபாடுள்ள 1,023 பெரியவர்களைப் பரிசோதித்து 2007இல் வெளியான ஆய்வில், நடத்தைச் சிக்கல்களையும் ஆட்டிசத்தையும் சேர்த்து, மருத்துவர்களின் கணிப்புப்படி ஏறத்தாழ 41 விழுக்காட்டினருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. அதே மனிதர்களைப் பொதுமக்களுக்கென வகுக்கப்பட்ட அமெரிக்க அளவுகோலால் அளந்தபோது, எண்ணிக்கை 16 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

காரணம் எளிது. வழக்கமான அளவுகோல்கள், நோயாளி தன் மனத்தில் நிகழ்வதைத் தானே எடுத்துச் சொல்வார் என்ற எதிர்பார்ப்பில் அமைந்தவை. பேச்சு குறைந்தவரிடம் குற்றவுணர்வையோ நம்பிக்கையின்மையையோ கேட்டறிவது எப்படி?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும், அறிவுசார் குறைபாடுள்ள முப்பது வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். காலையில் தானே காலணி மாட்டிக்கொண்டு வேலைப் பயிற்சி நிலையத்தின் வேனுக்குக் காத்திருந்தவர், இப்போது வாசலிலேயே உட்கார்ந்து எழ மறுக்கிறார். விரும்பிச் சாப்பிட்ட தோசையைத் தட்டோடு தள்ளுகிறார். விடியுமுன் விழித்துத் தன் கன்னத்தில் அறைந்துகொள்கிறார். "அவன் அப்படித்தான்" என்கிறார்கள் உறவினர்கள். பசி குறைவதும், அதிகாலை விழிப்பும், விருப்பமானவற்றில் நாட்டமின்மையும் வேறு எவரிடம் தோன்றினாலும் மனச்சோர்வா என்ற கேள்வி எழும். இவரிடம் அவை குறைபாட்டின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. மருத்துவர்களும் இந்தத் தவற்றுக்கு விலக்கல்லர் என்பது 1980களிலிருந்தே ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

அவர் வீட்டில் சில மாதங்களுக்கு முன் பாட்டி காலமாகியிருக்கலாம். நம் குடும்பங்களில், புரியாது என்ற எண்ணத்தாலோ தாங்கமாட்டார் என்ற அன்பாலோ, இத்தகைய பிள்ளையை மண்டாய் தகனச்சாலைக்கு அழைத்துச் செல்லாமல், "பாட்டி ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லிவிடுவதுண்டு. அந்த அன்பு உதவுவதில்லை என்றே நான் கருதுகிறேன்: பாட்டி ஏன் வரவில்லை என்பது தெரியாமல் அவர் காத்திருக்கிறார்.

உடனே மனநோய் என்று முடிவுகட்டவும் கூடாது. சொத்தைப் பல், மலச்சிக்கல், காதுவலி ஆகியவை வாயால் சொல்லப்படாதபோது தன்னையே அறைந்துகொள்வதாகவும் அலறலாகவும் வெளிப்படும். அறிவுசார் குறைபாட்டைத் தரும் பிறவி நிலையான டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும் தைராய்டு சுரப்புக் குறைவு, மந்தத்தையும் சோர்வையும் தரும். வலிப்புக்குத் தரப்படும் லெவெட்டிராசெட்டாம் மருந்தே சிலரை எரிச்சல்படுத்தும். ஆகவே உடற்பரிசோதனையே முதற்படி.

மூர்க்கத்துக்கு நேரே மனநோய் மருந்து தருவதன் பலனை, அறிவுசார் குறைபாடுள்ள 86 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மனநோய் இல்லாமல் மூர்க்கமாக நடந்துகொண்டவர்களுக்கு ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்துகள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை ஆகிய மூன்றில் ஒன்று தரப்பட்டது. மூர்க்கம் எல்லாரிடமும் குறைந்தது; மிக அதிகமாகக் குறைந்தது வெறும் மாத்திரை பெற்றவர்களிடம்தான்.

சிங்கப்பூரின் மனநலக் கழகத்தில் இத்தகைய பெரியவர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அங்கோ பலதுறை மருந்தகத்துக்கோ செல்லும் குடும்பம் கையோடு கொண்டுபோக வேண்டியது, முன்பு எப்படி இருந்தார், மாற்றம் எப்போது தொடங்கியது, அதையொட்டி வீட்டிலோ நிலையத்திலோ மருந்திலோ என்ன மாறியது என்ற குறிப்பு. தூக்க நேரத்தையும் எடையையும் எழுதிவைத்திருந்தால் இன்னும் நல்லது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவரிடம் எதுவும் விளங்காது. இவரை இவரோடுதான் ஒப்பிட வேண்டும்.

டவுன் நோய்க்குறியில் இது இன்னும் முக்கியம். மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அவர்களிடம் அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால், நாற்பது வயதுக்குள் அநேகமாக அனைவரின் மூளையிலும் அல்சைமர் என்ற மறதிநோயின் மாற்றங்கள் தென்படுகின்றன. மறதிநோயா மனச்சோர்வா என்று பிற்காலத்தில் பிரித்தறிய, முப்பது வயதை ஒட்டியே நினைவாற்றலையும் அன்றாடத் திறன்களையும் ஒருமுறை சோதித்துப் பதிவுசெய்துகொள்வது உதவுகிறது.