‘மேன் மேனேஜ்மென்ட்’ தமிழில் என்ன?

நம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ‘மேனேஜர்’ என்றால் பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தோட்டத்துப் பெரிய துரைதான். மாமாக் கடையில் தே தாரேக்கோடு பந்து பார்க்கும் பையன்களுக்கு அது லிவர்பூலையோ மென்செஸ்டரையோ நடத்துகிற ஆள். ‘அந்தாளுக்கு மேன் மேனேஜ்மென்ட் தெரியலண்ணே’ என்று ஒருவன் அலுத்துக்கொள்வான். ஆட்டக்காரரின் மனசறிந்து நடத்துவதைத்தான் சொல்கிறான். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

‘மேனேஜ்’ 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மூலமான ‘மனெஜ்ஜாரே’ கையால் பிடித்து நடத்துவதைக் குறிக்கும், முக்கியமாகக் குதிரையைப் பழக்குவதை. அதற்கும் அடியில் இருப்பது லத்தீன் ‘மனுஸ்’, அதாவது கை. கணக்கும் கோப்பும் பிறகு வந்து ஏறிக்கொண்டவை. நம் தோட்டத்துக் கங்காணியோ கண்ணிலிருந்து பிறந்தவர்: கண்காணி. வேடிக்கை என்னவென்றால், கையிலிருந்து பெயர் பெற்ற துரை ஆளை நேரடியாக நடத்தியது குறைவு. கிராணி, கங்காணி, மண்டோர் என்று ஆள் வைத்தே நடத்தினார்.

இங்கிலாந்துக் காற்பந்தில் மேனேஜர் என்றால் பழைய வழக்கப்படி எல்லாமே அவர்தான். ஆட்டக்காரரை வாங்குவது, விற்பது, பயிற்சி, திட்டு, தட்டிக்கொடுப்பது எல்லாம் ஒரே ஆள் கையில். அதனால்தான் கோணல் குணக்காரர்களுக்கு அங்கே அவ்வளவு இடம் கிடைத்தது.

பிரையன் கிளாஃபை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற நடுத்தர அணியை 1977இல் முதல் டிவிஷனுக்கு ஏற்றி, 1978இல் லீக் பட்டமும், 1979, 1980 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கிண்ணமும் வாங்கிக்கொடுத்தவர். 1979 லீக் கிண்ண இறுதிக்கு முந்தின இரவு, ஆட்டக்காரர்களைத் தூங்கப் போக விடாமல் ஹோட்டலில் உட்காரவைத்துக் குடிக்கவிட்டார். மறுநாள் முதல் பாதியில் பின்தங்கி, கடைசியில் சவுத்தாம்ப்டனை 3-2 என்று வென்றார்கள். ஜான் ராபர்ட்சன், கிளாஃப் வந்தபோது, உடம்பைக் கவனிக்காத, அக்கறையில்லாத ஆட்டக்காரர். அவரை ஓயாமல் கிண்டலடித்தார், ஆனால் பந்தை அவரிடமே கொடுக்கச் சொன்னார். 1980 இறுதியில் ஹாம்பர்க்குக்கு எதிரான ஒரே கோல் அந்த ராபர்ட்சன் அடித்ததுதான்.

ஆனால் 1974இல் லீட்ஸ் அணிக்குப் போனபோது, ‘உங்க மெடலை எல்லாம் குப்பையில போடுங்க, நேர்மையா வாங்கினதில்ல’ என்கிற மாதிரி ஆரம்பத்திலேயே பேசிவிட்டார் என்று அந்த அணியின் ஆட்டக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். 44 நாளில் வெளியே அனுப்பிவிட்டார்கள். கிறுக்கு ஒன்றுதான், குதிரைதான் வேறு.

அதே லீட்ஸுக்குப் பல வருஷம் கழித்து வந்தவர் அர்ஜென்டினாவின் மார்செலோ பியல்சா. ‘எல் லோக்கோ’, பைத்தியக்காரன் என்பது அவருடைய பட்டப்பெயர். ஆட்டம் நடக்கும்போது கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருப்பார். ஒரு டிக்கெட் வாங்க ரசிகர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்குக் கேட்டு, சுமார் மூன்று மணி என்று தெரிந்ததும், அவ்வளவு நேரம் ஆட்டக்காரர்களைப் பயிற்சித் திடலைச் சுற்றிக் குப்பை பொறுக்க வைத்தார். தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, விடியுமுன் எழுந்து போனவர்களின் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும். 2020இல் லீட்ஸை மேல்நிலை லீக்குக்கு ஏற்றிவிட்டார்.

சரி, இந்த வேலைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘மேலாளர்’ வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. ‘முகாமையாளர்’ இலங்கையில் செல்லும், இங்கே செல்லாது. ‘நிர்வாகி’ நம் ஊரில் பழகியதுதான், ஆனால் கேட்டதும் கோயில் கமிட்டி கண்ணில் தெரிகிறது. ‘பயிற்றுநர்’ கோச்சுக்குச் சரி, ஆட்டக்காரரின் மனசைச் சமாளிப்பது அதில் அடங்காது. ‘மனிதவள மேலாண்மை’ கம்பெனி ஆபீஸ் சமாச்சாரம்.

பேச்சில் ‘கட்டி மேய்ப்பது’ இருக்கிறது. ‘இந்த டீமைக் கட்டி மேய்க்கிறது சாதாரணமில்ல’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். எழுத்தில் வைத்தால் ஆட்டக்காரர் மாடாகிவிடுவார், அதுதான் இடைஞ்சல்.

என் தேர்வு ‘கையாளுதல்’. மனுஸில் இருக்கும் அதே கை இதிலும் இருக்கிறது. ‘ஆளறிந்து கையாளுதல்’ என்றால் இன்னும் பொருந்தும். பெயராக்கப் போனால்தான் ஆபத்து: ‘கையாள்’ அடியாள் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே வினையாகவே வைத்துக்கொள்ளலாம்.

நம் மலேசியக் காற்பந்துப் பயிற்றுநர் கே. ராஜகோபாலையே பாருங்கள். கிளாஃப் மாதிரி எந்தக் கோணலும் இல்லாதவர். 2010 ஆசியான் கிண்ணத்தில் அவருடைய இளம் மலேசிய அணி முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று அடிவாங்கியது. இறுதிச் சுற்றில் அதே இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என்று வீழ்த்தியது. பதவியைப் ‘பயிற்றுநர்’ என்றே எழுதலாம். அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் அவர் அணிக்குச் செய்ததை எழுத ‘பயிற்றுவித்தார்’ போதாது, ‘கையாண்டார்’ என்றுதான் எழுத வேண்டும்.