ஓட முடியாவிட்டால் சைக்கிளா?

"ஓட முடியலைன்னா என்ன டாக்டர், அதான் சைக்கிள் இருக்கே."

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் அடுத்தடுத்துச் செய்கிற நீண்டதூர டிரையத்லானுக்குத் தயாராகிறவர்களிடமிருந்து இதைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதம்கூடப் போவதில்லை. சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமை வேறு. மாரத்தான் மட்டும் ஓடுகிறவருக்குக் காலில் வலி வந்தால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இவர்கள் கையில் இன்னும் இரண்டு விளையாட்டு மிச்சம் இருக்கிறது. விளையாட்டு மருத்துவராக நான் பயப்படுவதே அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான்.

நாற்பதைத் தாண்டிய ஒருவர் வந்திருந்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பகல் முழுக்க நாற்காலி வேலை. முதல் முழுத்தூரப் போட்டிக்கு 12 வாரம் பாக்கி. இடது தொடை இடுக்கில் வலி. ஆரம்பத்தில் நீண்ட ஓட்டத்தின் கடைசியில் மட்டும் எட்டிப் பார்த்தது, பிறகு ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே வந்தது. தசைப் பிடிப்பு என்று அவரே முடிவு கட்டி, மூன்று வாரம் ஓட்டத்தை நிறுத்தியிருந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "ரெஸ்ட்ல இருந்தும் போகலை டாக்டர்" என்பதுதான் அவர் புகார்.

அந்த "ரெஸ்ட்" எப்படி இருந்தது என்று பார்க்கப் பயிற்சிக் குறிப்பைக் கேட்டேன். போனிலேயே காட்டினார். ஓடிக்கொண்டிருந்தபோது வாரத்துக்கு 11 மணி நேரம். ஓட்டத்தை நிறுத்திய வாரங்களில் 14 மணி நேரம்! ஓடாத குற்ற உணர்ச்சியில், வீட்டில் டிரெயினரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கியில், சைக்கிளை மாட்டி மூச்சு வாங்க மிதித்திருக்கிறார். சமீபத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தது, அதைச் சந்தோஷமாகச் சொன்னார். தூக்கம் ஐந்து மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை.

மேசையில் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் கொண்டுபோனேன். பாதி தூரத்திலேயே முகம் சுளித்தார். எழுந்து நின்றவர், வலி எப்போது வருகிறது என்று செய்து காட்டும் ஆர்வத்தில், "ஒத்தக் கால்ல குதிச்சுக் காட்டவா?" என்று காலைத் தூக்கிவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கெண்டைக்கால் எலும்பிலோ பாதத்திலோ சந்தேகம் என்றால் நானே குதிக்கச் சொல்வேன். தொடை எலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டுக்குள் இருக்கும் உருண்டைத் தலைக்குக் கீழே குறுகுகிற பகுதியில், சந்தேகம் வந்துவிட்டால் கூடாது. கீறலாக இருப்பது அந்தக் குதிப்பிலேயே முழு முறிவாகிவிடலாம்.

எம்ஆர்ஐயில் இருந்தது அதுதான். தொடை எலும்பின் கழுத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், திரும்பத் திரும்ப ஏறிய பாரத்தால் விழுந்த கீறல். நல்லவேளையாகக் கீழ்ப்பக்கம், அகலத்தில் பாதிக்கும் குறைவு. கீழ்ப்பக்கம் எடை ஏறும்போது அமுங்குகிற பக்கம், ஊன்றுகோலும் பொறுமையும் பெரும்பாலும் போதும். மேல்பக்கமாக இருந்திருந்தால் அது இழுபடுகிற பக்கம். விரிசல் வாய் பிளந்து எலும்பு விலகும் ஆபத்து அதிகம், திருகாணி போட்டு நிறுத்த வேண்டியிருக்கும். விலகிவிட்டால் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுபடலாம். நாற்பது வயதில் இடுப்பு மூட்டு மாற்றும் பேச்சு வருவது அங்கிருந்துதான்.

எக்ஸ்ரே ஏன் ஏமாற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எக்ஸ்ரே நார்மல்" என்ற காகிதத்தோடு மறுநாளே ஓடப் போனவர்கள் உண்டு. இந்தக் கீறல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு ஆறத் தொடங்கி, புது எலும்பு படிந்த பிறகுதான் கோடாகத் தெரியும். சிலருக்கு அப்போதும் தெரியாது.

சரி, உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிளும் மிதக்கிற நீச்சலும் எலும்பை எப்படிக் கெடுக்கும்? நேரடியாகக் கெடுக்காது, அவை எலும்பின்மேல் அதிக பாரம் ஏற்றாதவை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டும் இதயத்தையும் நுரையீரலையும் சில வாரங்களிலேயே மெருகேற்றிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் வேண்டும். எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது முதலில் பழையதை அரித்து எடுக்கும், பிறகுதான் புதியதைக் கட்டும். அரிப்பு மூன்று நான்கு வாரத்தில் முடிந்துவிடும், கட்டிமுடிக்க ஏறக்குறைய மூன்று மாதம். அதனால் புதிய பயிற்சி தொடங்கிய முதல் மாதக் கடைசியில், மூச்சு மிகச் சுலபமாக இருக்கும் நாட்களில், எலும்பு இருப்பதிலேயே பலவீனமாக இருக்கும். சைக்கிளில் வளர்த்த நெஞ்சு "இன்னும் ஐந்து கிலோமீட்டர்" என்னும், கால் எலும்பு அதற்குத் தயாராகியிருக்காது.

இன்னொரு கணக்கு சாப்பாடு. இதை நான் காகிதத்தில் போட்டுக் காட்டுவேன். உடல் எடையில் கொழுப்பைக் கழித்தால் 58 கிலோ உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2,600 கலோரி சாப்பிடுகிறார், பயிற்சியில் 1,100 போகிறது. மிச்சம் 1,500. அதை 58ஆல் வகுத்தால் கிலோவுக்கு 26 கலோரிகூடத் தேறவில்லை. ஏறத்தாழ 45 இருந்தால் உடல் நிம்மதியாக இருக்கும், 30க்குக் கீழே இறங்கினால் சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். இந்த 30 என்ற எண் பெண்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது, ஆளுக்கு ஆள் மாறும், கோடு கிழித்த மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை சரி. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தப் பற்றாக்குறைக்குத் தனிப் பெயரே வைத்து, ஆண்களையும் அதில் சேர்த்தது.

சிக்கனம் பிடிக்கும்போது உடல் எதில் முதலில் கை வைக்கும் என்றால், இன்றைக்கு உயிர் வாழ அவசியமில்லாதவற்றில். இனப்பெருக்க ஹார்மோன்கள், எலும்புக் கட்டுமானம், நோய் எதிர்ப்பு. பெண்களிடம் மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நின்றே போகும். ஏழு மாதம் வராமல் இருந்த ஒருவருக்கு, "பயிற்சி சரியாகப் போகிறது என்று அர்த்தம்" என்று கோச் சொல்லியிருக்கிறார். இதைவிடத் தவறான அறிவுரையை நான் இந்தத் துறையில் கேட்டதில்லை. பயிற்சியின்போது மாதவிடாய் நின்றால் அது கேள்வி கேட்க வேண்டிய அறிகுறி, பாராட்டு இல்லை. ஆண்களிடம் இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் இல்லாததால் கூச்சமாக இருந்தாலும் நான் கேட்டுவிடுவேன், தாம்பத்திய ஆசை குறைந்திருக்கிறதா, காலையில் இயல்பாக வரும் விறைப்பு நின்றுபோயிற்றா என்று. மேலே சொன்னவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். "வயசாகுதுன்னு நெனச்சேன்" என்றார்.

முழுத்தூர டிரையத்லானின் தூரங்களை யாரும் உடலியல் புத்தகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை என்பதையும் அவ்வப்போது நினைவுபடுத்துவேன். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். ஹவாயின் ஓவாஹு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக இருந்த ஒரு கடல் நீச்சல், தீவைச் சுற்றும் ஒரு சைக்கிள் பாதை, ஹொனலுலு மாரத்தான், இம்மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிட்டார்கள். 1978இல் முதல் முறை 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவருக்கே கிட்டத்தட்ட 11 மணி 47 நிமிடம். இன்று பெரும்பாலான போட்டிகளில் 17 மணி நேரம் அனுமதி. வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு அதை முடிக்கிறவர்கள் ஏராளம், முடிக்க முடியாது என்று நான் யாரையும் தடுத்ததில்லை. சொந்தத் தொழிலாக இதைச் செய்கிறவர் காலைப் பயிற்சிக்கும் மாலைப் பயிற்சிக்கும் நடுவே தூங்குகிறார். நீங்கள் அந்த நேரத்தில் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். திட்டத்தை மட்டும் அவருடையதை எடுத்துக்கொண்டால் எப்படி?

எந்த வலிக்கு நிற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஏறத்தாழ சரியாக வரும் ஓர் அடையாளம் சொல்கிறேன். தசை வலி உடல் சூடானதும் குறையும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். தசைநார் வலியும் சூடானதும் குறையும், ஆனால் மறுநாள் காலை முதல் அடி வைக்கும்போது திரும்ப வந்து நிற்கும். எலும்பு வலி ஓட ஓட ஏறும். வாரத்துக்கு வாரம் சீக்கிரம் தொடங்கும், பிறகு நடக்கும்போது, கடைசியில் படுத்திருக்கும்போதும். கெண்டைக்கால் எலும்பில் ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடிகிற இடத்தில் வலி இருந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். தொடை இடுக்கின் ஆழத்தில் தொட்டுக் காட்ட முடியாத வலி என்றால் இன்னும் சீக்கிரம் வாருங்கள், அதுவரை வேறு விளையாட்டும் வேண்டாம்.

பயிற்சியை அளக்க என்னிடம் வருகிறவர்களுக்கு விலை உயர்ந்த எதையும் சொல்வதில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் எத்தனை நிமிடம், பத்துக்கு எவ்வளவு கடினம். பெருக்குங்கள், மூன்று விளையாட்டையும் சேர்த்து வாரத்துக்குக் கூட்டுங்கள். நம்மவரின் பழைய வாரம் 660 நிமிடம், சராசரிக் கடினம் 4, ஆக 2,640. "ரெஸ்ட்" வாரம் 840 நிமிடம், கடினம் 6, ஆக 5,040. ஏறக்குறைய இரட்டிப்பு. கிலோமீட்டரைத் தனித்தனிப் பத்தியில் எழுதிவைத்ததால் இது அவர் கண்ணிலேயே படவில்லை. ஓட்டப் பத்தி காலியாக இருந்தது, அதைப் பார்த்து ஓய்வு என்று நம்பிவிட்டார்.

வலியை மறைக்க இன்னொரு வழி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைப் பையிலேயே வைத்திருப்பார்கள், சிலர் போட்டிக்கு முன்பே வலி வராமலிருக்க ஒன்று போட்டுக்கொள்கிறார்கள். நீண்ட நேர உழைப்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். அப்போது ரத்தக்குழாயைத் திறந்து வைத்துக் காப்பாற்றுகிற சுரப்பையே இந்த மாத்திரை அடைத்துவிடுகிறது. நீரை வெளியேற்றும் வேலையும் மந்தமாகும்.

இதன் விளைவை ஒரு போட்டியின் மருத்துவக் கூடாரத்தில் பார்த்தேன். வாந்தி, தலைவலி, தன் பெயரைச் சொல்லவே யோசிக்கிறார். கூட வந்தவர்கள் "தண்ணி பத்தலை, டிரிப் போடுங்க" என்று அவசரப்பட்டார்கள். அவர் விரலில் மோதிரம் சதைக்குள் பதிந்து கிடந்தது, வாட்ச் பட்டை மணிக்கட்டில் இறுகியிருந்தது. தண்ணீர் பற்றாதவருக்கு விரல் வீங்காது. ரத்தத்தில் சோடியம் 126, இருக்க வேண்டியது குறைந்தது 135. ஒவ்வொரு நீர்நிலையத்திலும் தாகம் இல்லாமலே குடித்திருக்கிறார், இரண்டு மாத்திரையும் போட்டிருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது அடர்த்தியான உப்புக் கரைசல் சிறிதளவு. சாதாரண டிரிப்பைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றியிருந்தால் மூளை வீக்கம் கூடியிருக்கலாம். இது அபூர்வமும் இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகம் எடுத்தால் குடியுங்கள். போட்டி முடிவில் எடை கூடியிருந்தால் அது அதிகமாகக் குடித்ததன் அடையாளம்.

நீச்சலைப் பற்றி ஒன்றே ஒன்று. அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை திடீர் மரணம், இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்டது, விபத்து மரணம் என்று தொகுக்கப்பட்ட 135 பேரில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். பெரும்பாலானோர் ஆண்கள், சராசரி வயது 47ஐ ஒட்டி. நாற்பதைத் தாண்டி இந்தப் பயிற்சிக்கு வருகிறவர் முதலில் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால். பயிற்சி நீச்சலில் காரணமில்லாமல் மூச்சு முட்டி, இருமலில் இளஞ்சிவப்பாக நுரை வந்தால் உடனே கரையேறி மருத்துவமனைக்குப் போங்கள். குளத்துத் தண்ணீரை விழுங்கிவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நம்மவர் ஆறு வாரம் ஊன்றுகோலில் நடந்தார். போட்டி போயிற்று. அந்த வாரங்களில் வந்தபோதெல்லாம் "நீச்சலாவது...?" என்று இழுப்பார். நான்காவது வாரம், கால்களுக்கு நடுவே மிதவையை வைத்து, உதைக்காமல், சுவரைத் தள்ளாமல் நீந்தலாம் என்றேன். அதோடு ஏழரை மணி நேரம் தூங்கிய நாளில் மட்டும் என்றும் சேர்த்தேன். முதல் வாரம் ஒரு நாள்கூட அவரால் நீந்த முடியவில்லை. அடுத்த வாரம் மூன்று நாள் நீந்தினார்.

பதினான்காவது வாரம், மறு எம்ஆர்ஐ நன்றாக வந்தபின், கிளினிக் டிரெட்மில்லில் முதல் ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, நான்கு முறை. வாட்ச்சைக் கழற்றி என் மேசையில் வைக்கச் சொன்னேன், வைத்தார். இரண்டாவது நிமிட ஓட்டம் முடியும்போது, திரும்பிப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்: "வேகம் எவ்வளவு டாக்டர்?"

நான் டிரெட்மில் திரையின்மேல் துண்டைப் போட்டேன்.