'மலட்டு அறை'யும் 'மௌன அறை'யும்: ஒரு சொல் விளக்கம்

விமானத் தொடர்களின் தமிழ் வசனவரிகளில், வேலைக்குப் புறம்பான பேச்சும் செயலும் விலக்கப்பட்ட விமானி அறையைக் குறிக்கும் 'ஸ்டெரைல் காக்பிட்' என்பது 'மலட்டு விமானி அறை' என்று வருவதை இனியும் பொறுப்பதற்கில்லை. மொரீசியசில் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கும் நம் பிள்ளைகள் இதற்கு என்ன பொருள் கொள்வார்கள்?

'காக்பிட்' முதலில் சேவற்சண்டைக் குழியையும், பின்னர் போர்க்கப்பலின் கீழ்த்தளப் பகுதியையும் குறித்து, இருபதாம் நூற்றாண்டில் விமானத்துக்கு வந்த சொல். நம் காதில் தினமும் விழும் பிரெஞ்சோ 'போஸ்த் தெ பிலோத்தாஜ்' என்று சேவலை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிறது. நமக்கும் 'விமானி அறை' போதும். 'ஸ்டெரைல்' லத்தீனில் விளையாததைக் குறித்தது. மருத்துவத்தில் கிருமியற்றது ஆயிற்று. இங்கே, வேலைக்குப் புறம்பானது கலவாதது.

1974இல் அமெரிக்காவின் சார்லட் நகரருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று தரையிறங்க வரும்போது விழுந்து நொறுங்கியது. விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டே இறங்கியது குரல்பதிவுக் கருவியில் தெரிந்தது. 1981இல் அங்கே வந்த 'ஸ்டெரைல் காக்பிட்' விதி, விமானம் தரையில் நகரும்போதும், நெடும்பறப்பு (ஏறாமல் இறங்காமல் ஒரே உயரத்தில் செல்வது) நீங்கலாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், பாதுகாப்புக்குத் தேவையற்ற எதையும் விமானிகள் செய்யலாகாது என்கிறது.

'மலட்டு' வேண்டாமென்று சிலர் 'மௌன அறை' என்கிறார்கள்; இது அதைவிடக் கேடு. விமானிகள் வாய்திறந்தே ஆகவேண்டிய நேரம் அதுதான்: ஒருவர் உயரத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் அதை உறுதிசெய்ய வேண்டும், சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படிக்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வேகம் குறைவதைக் கண்ட துணை விமானி 'மௌனம்' காத்தால் என்னாகும்? மாறாக, வாய்பேசாமல் சாப்பாட்டுத் தட்டைப் பிரிப்பதும் தொடர்பற்ற ஏட்டைப் புரட்டுவதும் 'மௌன'த்துக்கு உடன்பாடே, விதிக்கோ உடன்பாடன்று.

தொடர் எழுதுவோர்க்கு இந்த வேறுபாடு எட்டியதாகவே தெரியவில்லை. நம் விமான நிலையமான பிளேசான்ஸில் இறங்கும் விமானத்தை அவர்கள் கையில் கொடுத்தால், தலைமை விமானி மாயேபூர் லகூனின் அழகை ஒலிபெருக்கியில் வருணிப்பார், பணிப்பெண் காப்பியுடன் உள்ளே நுழைவார். பயணிகளுக்குக் காட்சிகளைச் சுட்டும் அறிவிப்பை அவ்விதி வெளிப்படையாகவே விலக்குகிறது. மொழிபெயர்ப்பாளர் அதை ஒருமுறை படித்திருந்தால் அகராதியின் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கமாட்டார்.

நான் பரிந்துரைப்பது 'கவனக் காப்பு விதி'. இதில் அறையே இல்லையே என்பார்கள். விதி கட்டுப்படுத்துவது அறையை அன்று, பணியாளரை. 'கவனம்' தூய தமிழா என்று கேட்கும் தனித்தமிழ் அன்பர்கள் 'கருத்தூன்றல் விதி' என்று சொல்லட்டும். அதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன்.