லைசென்ஸுக்கு முன் வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள்

ஓய்வு நேரத்தில் எழுதிய தமிழ்ப் பிழைதிருத்தியையோ விசைப்பலகையையோ நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு, "எம்ஐடி போடவா, ஜிபிஎல் போடவா?" என்று என்னிடம் பலர் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். இரண்டும் திறந்த மூல லைசென்ஸ்கள், அதாவது நிரலை யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் தரும் அனுமதிகள். நான் முதலில் கேட்பது அவர்களின் வேலை ஒப்பந்தத்தைத்தான். சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதும் நிரல், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சொந்தம். இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன் என்பது மட்டும் போதாது. சில ஒப்பந்தங்கள் இன்னும் அகலமாக வலை விரிக்கும்: நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புள்ள எதை எழுதினாலும் எங்களுடையது என்று. உங்களுக்குச் சொந்தமில்லாத நிரலுக்கு நீங்கள் எந்த லைசென்ஸும் கொடுக்க முடியாது.

மேலாளர் வாட்ஸ்அப்பில் "ஓகே லா" போட்டதைக் காட்டுவார்கள். வழக்கென்று வந்தால் அதை வைத்தும் வாதாடலாம்தான். ஆனால் அனுமதி தரும் அதிகாரம் உள்ளவரிடமிருந்து, திட்டத்தின் பெயரோடு ஒரு மின்னஞ்சல் வாங்குவது எவ்வளவோ மலிவு. ஃப்ரீலான்ஸாக எழுதுபவர்களுக்கு நிலைமை வேறு. ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கல்ல, எழுதியவருக்கே பதிப்புரிமை.

சரி, நிரல் உங்களுடையதுதான் என்றால்? லைசென்ஸ் போடாமல் விட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. இங்கே பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை, எழுதியதுமே வந்துவிடும். கிட்ஹப்பில் பொதுவில் வைத்தால் மற்றவர்கள் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள் ஃபோர்க் செய்யலாம், அதாவது தங்கள் கணக்கில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உங்கள் அனுமதி வேண்டும்.

மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் நூலகம் (லைப்ரரி) என்றால் நான் அப்பாச்சி 2.0 லைசென்ஸைச் சொல்வேன். எம்ஐடி சுருக்கமானது, ஆனால் காப்புரிமை (பேட்டன்ட்) பற்றி வெளிப்படையாக எதுவும் பேசாது, அப்பாச்சி பேசும். முழுச் செயலியை யாரோ எடுத்து மாற்றி, மூலநிரலை மூடிவைத்து விற்கக் கூடாது என்றால் ஜிபிஎல் 3. கோவிட் தொடர்புகளைத் தடமறிந்த டிரேஸ்டுகெதர் செயலியின் திறந்த மூல வடிவமான ஓப்பன்டிரேஸ் நிரலை 2020இல் சிங்கப்பூர் அரசாங்கம் வெளியிட்டபோது அதைத்தான் வைத்தது. சர்வரில் ஓடும் சேவைக்கு, ஜிபிஎல்லின் இன்னொரு வடிவமான ஏஜிபிஎல், ஏனென்றால் மாற்றிய நிரலை விநியோகிக்காமல் தன் சர்வரிலேயே ஓட்டுபவரை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது. "வணிகப் பயன்பாடு கூடாது" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் அது திறந்த மூலமே இல்லை.

தமிழ்த் திட்டங்களில் நிரலைவிடச் சொற்பட்டியல்தான் சிக்கல். யாரோ தொகுத்த அகராதியிலிருந்து அப்படியே எடுத்தது என்றால், உங்கள் லைசென்ஸ் அதற்குப் பொருந்தாது.

அப்புறம், மற்றவர்கள் நிரல் பங்களிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே இதையெல்லாம் முடிவு செய்யுங்கள். பின்னால் லைசென்ஸை மாற்ற நினைத்தால், பெரும்பாலும் பங்களித்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும்.