வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் காளான் நல்லதா?

மாரி மழை பிடித்து இரண்டு மூன்று நாள் போனால் யாழ்ப்பாணத்து வளவுகளில் காளான் தலை காட்டும். புற்றடியில், உக்கிப்போன தென்னங்குற்றியில், வைக்கோல் கும்பியின் ஓரத்தில், மைதானத்துப் புல்லில். கறிக்கு ஆகுமா என்று கேட்டால் ஆளுக்கொரு சோதனை சொல்வார்கள். உள்ளி போட்டு அவித்தால் கறுக்கக் கூடாது. வெள்ளிக்காசு நிறம் மாறக் கூடாது. பூச்சி அரித்திருந்தால் பயமில்லை.

இவற்றில் ஒன்றைக்கூட நம்ப முடியாது. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். அவித்த முட்டை பட்டாலும் கறுக்கும். ஆளைக் கொல்லும் அமாடொக்சின் என்ற காளான் நஞ்சு அதை ஒன்றும் செய்யாது. பூச்சிக் கதையும் அப்படித்தான்: சில பழ ஈக்களின் புழுக்கள் அந்த நஞ்சுக் காளானுக்குள்ளேயே வளர்கின்றன.

அமாடொக்சின் வேலை செய்யும் விதம்தான் கொடுமையானது. நம் கலங்களில் மரபணுவைப் படியெடுக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. அதை இந்த நஞ்சு பிடித்து நிறுத்திவிடும். படி இல்லையென்றால் புதிய புரதம் இல்லை; முக்கியமாக ஈரல் கலங்கள் சாகும். அவித்தாலும் காயவைத்தாலும் நஞ்சு குறையாது. சாப்பிட்டு 6 முதல் 12 மணி நேரம் வரை பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இராது. பிறகு சத்தியும் வயிற்றோட்டமும் வரும். அப்புறம் ஒரு நாளளவுக்குச் சுகமானது போல இருக்கும். அந்த நேரத்தில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

எல்லா நஞ்சுக்கும் பொதுவான அடையாளம் கிடையாது. அதனால் "இது நஞ்சா?" என்று கேட்பதில் பயனில்லை, "இது எந்தக் காளான்?" என்று கேட்க வேண்டும்.

புற்றுக்காளானைப் பாருங்கள். கறையான் புற்றுக்குள் மென்ற மரத்தூளில் ஒரு தோட்டம் செய்து பூஞ்சையை வளர்த்துத் தின்கிறது. மழை ஈரம் இறங்கியதும் அந்தப் பூஞ்சை மண்ணைத் துளைத்து மேலே வரும். தொப்பியின் நடுவில் கூரான முனை இருப்பது அதற்காகத்தான். கவனமாகத் தோண்டினால் தண்டு வேர் போல மெலிந்து புற்றுக்குள் இறங்குவது தெரியும். பிடுங்கி எடுத்தால் இந்த அடையாளம் மண்ணுக்குள் போய்விடும்.

புல்வெளிக் காளான் ஒன்றும் இதே போல வெள்ளையாக, பெரிதாக வளரும். தொப்பியில் மண்ணிறச் செதிள்கள், தண்டில் மேலும் கீழும் நகரும் ஒரு வளையம். இளசாக இருக்கும்போது அடிப்பக்க மடிப்புகளும் வெள்ளை. தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குடல் புரட்டும். ஆளைக் கொல்வது அரிதுதான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு உடல் நீர் வற்றுவது ஆபத்து.

இரண்டையும் பிரிக்க வித்தி அச்சு உதவும். வித்தி என்பது காளான் பெருகுவதற்காக மடிப்புகளில் இருந்து உதிரும் நுண்ணிய தூள். விரிந்த காளானின் தண்டை வெட்டிவிட்டு, தொப்பியை மடிப்புப் பக்கம் கீழே இருக்க, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் வையுங்கள். மேலே ஒரு கிளாஸைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் உதிர்ந்த வித்திகள் மடிப்புகளின் வரிகளைத் தாளில் போட்டிருக்கும். புற்றுக்காளானுக்கு வெளிர் இளஞ்சிவப்பு. புல்வெளிக் காளானுக்கு மங்கிய பச்சை. பச்சை விழுந்தால் எறிந்துவிடுங்கள். மற்ற நிறம் விழுந்தாலும் அது சமைக்க அனுமதி அல்ல, பார்க்க வேண்டிய அடையாளங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

வெளிநாடு போன நம்மவர்கள்தான் இதை அதிகம் யோசிக்க வேண்டும். நாம் சாப்பிடும் வைக்கோல் காளான் முட்டை போல உறைக்குள் இருந்து வெளிவரும். ஐரோப்பாவிலும், ஓக் மரங்களோடு போய்ச் சேர்ந்த ஆஸ்திரேலியாவிலும் வளரும் அமாடொக்சின் காளானும் அப்படியே உறை கிழித்துத்தான் வரும். விரிந்த பிறகு வைக்கோல் காளானின் வித்தி இளஞ்சிவப்பு, நஞ்சுக் காளானினது வெள்ளை. முட்டைப் பருவத்தில் வித்தியே உதிராது, அச்சும் கைகொடுக்காது. 2011 இன் கடைசி இரவில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் அந்த நஞ்சுக் காளானைச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் இருவர் சில நாட்களில் இறந்துபோனார்கள். ஊரில் அம்மம்மாவோடு பொறுக்கிப் பழகிய கண் அங்கே செல்லாது.

சாப்பிட்டபின் வயிறு குழம்பினால் கைவைத்தியம் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். சமைக்காத துண்டு மிச்சமிருந்தால் பொலித்தீனில் அல்ல, தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் சத்தி தொடங்கியது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கியிருந்தால் வைத்தியர் ஈரலைச் சோதிப்பார். இடையில் சுகமானது போலத் தெரிந்தாலும், அவர் விடும்வரை வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.